ஈறுகளில் கசியும் இரத்தம்: மிஸ்வாக்கின் சட்டமும் மருத்துவமும்

ஃபிக்ஹு பயிலும் மாணவன் முதல் ஆண்டிலேயே மிஸ்வாக்கின் சட்டங்களைக் கற்றுவிடுகிறான். மலபாரின் பொன்னானியைச் சேர்ந்த ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் 16ஆம் நூற்றாண்டில் இயற்றிய ‘ஃபத்ஹுல் முஈன்’ நம் கடற்கரை ஊர்களின் மத்ரஸாக்களில் இன்றும் ஓதிக் கொடுக்கப்படுகிறது. உளூவின் சுன்னத்துகளை விளக்கும் இடத்தில் அந்நூல் மிஸ்வாக்கைப் பற்றி நின்று பேசுகிறது. பல ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் எழுந்து, “ஹஸ்ரத், துலக்கும்போது ஈறிலிருந்து இரத்தம் வந்தால் என்ன செய்வது?” என்று கேட்டார். பிற்கால ஷாஃபியீ நூல்களில் உள்ள விடையைச் சொன்னேன். துலக்கினால் தம் வாயில் இரத்தம் வரும் என்பதை வழக்கத்தால் அறிந்தவர் மென்மையாகத் துலக்க வேண்டும். அதற்கும் வழியில்லையெனில் விட்டுவிட வேண்டும்.

விடை சரியானதே. ஆயினும் அன்று எனக்கே ஈறுகளில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவ்விடையின் முற்பகுதியை மாணவருக்குச் சொல்லிவிட்டுப் பிற்பகுதியை மட்டும் எனக்கென எடுத்துக்கொண்டிருந்தேன். கடைவாய்ப் பக்கம் மிஸ்வாக்கைக் கொண்டு செல்வதையே நிறுத்தியிருந்தேன். வலி ஏதும் இல்லாததால் அது நோய் என்றே தோன்றவில்லை. சில ஆண்டுகளில் கீழ்த்தாடையின் கடைவாய்ப் பற்கள் இரண்டு ஆடத் தொடங்கின. ஒரு பல் மருத்துவர் அவற்றை எடுக்கும்போது சொத்தை என்பது அப்பற்களில் கடுகளவும் இல்லை. பல் நன்றாயிருக்க, அதைத் தாங்கிய எலும்பு கரைந்துவிட்டது. சட்டத்தை ஓதிக் கொடுப்பவன் அச்சட்டத்தின் நோக்கத்தைத் தன் வாயளவில் தவறவிட்ட கதை இது. அதை முன்வைத்து, ஈறு நோயைப் பற்றி நம் நூல்கள் சொல்வதையும் இன்றைய மருத்துவம் சொல்வதையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் மரமும்

‘ஸிவாக்’ என்ற அரபுச் சொல் தேய்த்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. துலக்கும் செயலையும் துலக்கும் கருவியையும் அச்சொல் ஒருங்கே குறிக்கும். கருவியை மட்டும் குறிக்க ‘மிஸ்வாக்’ என்பர். எந்த மரத்தின் குச்சியாயினும், சொரசொரப்பான வேறு பொருளாயினும் ஸிவாக் என்ற செயல் நிறைவேறும் என்பதே ஃபிக்ஹு அறிஞர்களின் பொதுக் கருத்து. அவற்றுள் சிறந்தது ‘அராக்’ மரத்தின் குச்சி என்பர்.

இந்த அராக் மரம் தமிழருக்கு அந்நியமானதன்று. தாவரவியலார் ‘சால்வடோரா பெர்சிகா’ என்று பெயரிட்டுள்ள இம்மரமே தமிழில் உகாய் எனப்படுவது. குறுந்தொகையின் பாலைத்திணைப் பாடலொன்றில் அது வறண்ட வழியின் மரமாகக் காட்சி தருகிறது. கோடியக்கரை போன்ற உவர்நிலக் கடற்கரைகளில் இன்றும் வளர்கிறது. ஹிஜாஸின் பாலையிலும் நம் கடலோரத்திலும் ஒரே மரம் நின்றும், ஹஜ்ஜுக்குச் சென்று திரும்புவோர் கொண்டுவந்து தரும்போதுதான் நாம் அதை அறிகிறோம்.

நபிவழி கற்பிக்கும் நான்கு செய்திகள்

மிஸ்வாக்கின் சிறப்பைக் கூறும் நபிமொழிகளை அனைவரும் அறிவோம். சமுதாயத்திற்குச் சிரமமாகிவிடும் என்ற எண்ணம் இல்லாதிருந்தால் ஒவ்வொரு தொழுகைக்கும் அதைக் கட்டளையாக்கியிருப்பார்கள் என்ற கருத்திலான அறிவிப்பு புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. சிறப்பைப் பேசும் நாம் அவ்வறிவிப்புகளுக்குள் இருக்கும் முறையைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம்.

முதலாவது, நேரம். இரவில் எழுந்ததும் நபி (ஸல்) அவர்கள் மிஸ்வாக்கால் வாயைத் துலக்குவார்கள் என்று ஹுதைஃபா (ரலி) அறிவிக்கிறார்கள். உறக்கத்தில் உமிழ்நீர்ச் சுரப்பு மிகக் குறைந்துவிடும். நுண்ணுயிர்கள் தடையின்றிப் பெருகும் வேளை அது. இரண்டாவது, இடம். மிஸ்வாக்கின் நுனி நாக்கின் மேல் இருக்க நபியவர்கள் துலக்கியதை அபூமூஸா (ரலி) கண்டு அறிவித்துள்ளார்கள். நாக்கும் துலக்கப்பட வேண்டிய உறுப்பு என்பது இதனால் தெளிவாகிறது. மூன்றாவது, கருவியின் தூய்மை. கழுவித் தருமாறு மிஸ்வாக்கைத் தம்மிடம் கொடுப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) கூறிய செய்தி அபூதாவூதில் உள்ளது. நான்காவது, மென்மை. நபியவர்களின் இறுதி வேளையில் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களின் கையிலிருந்த மிஸ்வாக்கை அவர்கள் நோக்கியதும், ஆயிஷா (ரலி) அதை வாங்கி மென்று இளக்கிய பின்னரே கொடுத்தார்கள்.

இவ்வறிவிப்புகளிலிருந்து ஃபிக்ஹு அறிஞர்கள் நுட்பமாக ஒரு முறையை வகுத்தனர். பற்களை வெளிப்புறமும் உட்புறமும் குறுக்குவாக்கில் துலக்க வேண்டும்; நாக்கை நீளவாக்கில் துலக்க வேண்டும். ‘உட்புறமும்’ என்ற அந்த ஒரு சொல்லைத்தான் நான் தவறவிட்டிருந்தேன்.

என் பற்களைப் பரிசோதித்த மருத்துவர் இளம் பெண்மணி. நான் முப்பது ஆண்டுகளாக நாள்தோறும் ஐவேளை மிஸ்வாக் செய்பவன் என்று சற்றுப் பெருமையோடுதான் சொன்னேன். அவர், “செய்கிறீர்கள் ஐயா, உங்கள் முன்பற்களே சாட்சி. இந்தக் கண்ணாடியில் அவற்றின் பின்புறத்தைப் பாருங்கள்” என்றார். வெளியே வெண்மையாக இருந்த கீழ் முன்பற்களின் உட்புறத்தில், ஈறோடு ஒட்டிப் பழுப்பு நிறத்தில் ஒரு சுவர் எழும்பியிருந்தது. உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் திறக்கும் இடங்களை ஒட்டியே காரை மிகுதியாகப் படியும். கீழ் முன்பற்களின் உட்புறமும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப்புறமும் அவ்விடங்கள் என்று விளக்கினார். தொழுகைக்கு நிற்கும் அவசரத்தில் முன்பற்களில் இரண்டு முறை இழுத்துவிட்டுச் செல்லும் நம்மில் பலருக்கும் அவ்விடங்கள் எட்டுவதே இல்லை.

நோய் வளரும் விதம்

உண்ட சில மணி நேரத்திலேயே பல்லின் மேல் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படலம் ஒன்று ஒட்டிக்கொள்கிறது. அது நுண்ணுயிர்களின் குடியிருப்பு. நாக்கால் தடவினால் வழவழப்பாகத் தோன்றும். அதைத் துடைத்தெடுக்காவிடில் ஈறு சிவந்து வீங்கும். தொட்டால் இரத்தம் கசியும். இது ஈறு அழற்சி என்னும் முதல் நிலை.

இப்படலமே காரணம் என்பதை நார்வே நாட்டவரான ஹரால்டு லோ என்ற அறிஞரும் அவருடைய தோழர்களும் 1965இல் வெளியிட்ட ஆய்வால் நிலைநாட்டினர். ஆரோக்கியமான ஈறுகளை உடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின. இதிலிருந்து இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன. துலக்காமையே நோயைத் தோற்றுவிக்கிறது. முதல் நிலையில் துலக்குதலே அதன் மருந்து.

துடைக்கப்படாத படலம் உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை ஏற்று ஓரிரு வாரங்களில் கல்லாக இறுகுகிறது. இதுவே பற்காரை. காரையின் சொரசொரப்பான மேற்பரப்பில் மேலும் படலம் சேரும். ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையே அது கீழிறங்கும். ஆரோக்கியமான வாயில் அவ்விடைவெளியின் ஆழம் மூன்று மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. நோயுற்ற வாயில் அது நான்கு, ஆறு, எட்டு என ஆழமாகிப் பையாகிறது. நம் உடல் அந்நுண்ணுயிர்களோடு நடத்தும் போரில் பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. இந்த இரண்டாம் நிலையைத்தான் மக்கள் வழக்கில் ‘பயோரியா’ என்பர். இழந்த எலும்பு பெரும்பாலும் மீள்வதில்லை. எஞ்சியதைக் காப்பாற்றுவதே சிகிச்சையின் குறிக்கோள்.

“என் பாட்டனார் துலக்கியதே இல்லை, எண்பது வயதிலும் முறுக்கைக் கடித்தார்” என்போர் நம் ஊர்களில் உண்டு. அவர்களுக்கான விடை இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கிடைத்தது. லோவும் அவருடைய குழுவினரும் 1970இல் தொடங்கி 15 ஆண்டுகள், முறையான பல் பராமரிப்போ மருத்துவமோ எட்டாத 480 ஆண் தொழிலாளர்களைத் தொடர்ந்து பரிசோதித்தனர். 1986இல் வெளியான முடிவுகளின்படி 8 விழுக்காட்டினருக்கு நோய் மிக விரைவாக வளர்ந்தது. 45 வயதுக்குள் அவர்கள் ஏறக்குறைய எல்லாப் பற்களையும் இழந்தனர். 81 விழுக்காட்டினருக்கு மிதமான வேகத்தில் வளர்ந்தது. 11 விழுக்காட்டினருக்கு ஈறு அழற்சியைத் தாண்டிச் செல்லவே இல்லை. பாட்டனார் அந்தப் பதினொருவருள் ஒருவராக இருந்திருக்கலாம். பேரனும் அப்படித்தான் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை.

கடுமையான ஈறு நோய் உலகில் வயது வந்தோருள் 19 விழுக்காட்டினரைப் பாதிப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு அறிக்கையில் மதிப்பிட்டுள்ளது. நூறு கோடிக்கும் அதிகமான மக்கள் என்பது இதன் பொருள். நம் சமூகத்தில் பரவலாக உள்ள நீரிழிவு இந்நோயின் நெருங்கிய உறவு. சர்க்கரை கட்டுப்படாதவருக்கு ஈறு நோய் கடுமையாகிறது. ஈறு நோய் முற்றியவருக்குச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது. ஈறுகளுக்குச் சிகிச்சை அளித்தபின் சர்க்கரை அளவு ஓரளவு குறைவதும் ஆய்வுகளில் உறுதிப்பட்டுள்ளது. புகையிலையோ வேறு விதத்தில் ஏமாற்றும். புகைப்பவரின் ஈறுகளில் இரத்தக் கசிவு குறைவாகவே தென்படுவதால், எலும்பு கரைவது அவருக்குத் தெரியாமலே போகிறது.

ஃபிக்ஹும் இரத்தமும்

ஈற்றில் இரத்தம் கசிவதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். தொழுகைக்கு நிற்கும்போதே மிஸ்வாக் செய்வது ஷாஃபியீ மத்ஹபில் தனியான சுன்னத்தாகும். ஹனஃபி அறிஞர்கள் அதை முதன்மையாக உளூவின் சுன்னத்தாகவே கொண்டனர். தொழுகைக்கு நிற்கும் வேளையில் துலக்கினால் ஈறிலிருந்து இரத்தம் வந்து உளூ முறிந்துவிடக்கூடும் என்பது அதற்கு அவர்களுடைய நூல்களில் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. உமிழ்நீரை விட இரத்தம் மிகுந்திருந்தாலும் சமமாக இருந்தாலும் உளூ முறியும், உமிழ்நீர் மிகுந்து வெறும் மஞ்சள் சாயல் தோன்றினால் முறியாது என்று நிறத்தைக் கொண்டு அளவு காணவும் கற்பித்தனர். ஷாஃபியீ மத்ஹபில் இரத்தத்தால் உளூ முறிவதில்லை. எனினும் இரத்தம் அசுத்தமாகையால் வாயைக் கழுவ வேண்டும். ஓயாமல் ஈறு கசியும் நோயுள்ள நோன்பாளி தவிர்க்க இயலாமல் விழுங்கிவிடும் அளவு மன்னிக்கப்படும் என்றும் அம்மத்ஹபின் அறிஞர்கள் சலுகை அளித்துள்ளனர்.

இச்சட்டங்கள் அனைத்தும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கான விடைகள். இந்த வேளையில், இந்தத் தொழுகைக்கு, இந்த இரத்தத்தின் நிலை என்ன என்பதே அக்கேள்வி. இரத்தம் வருமெனில் விட்டுவிடலாம் என்பதும் அந்த வேளையின் அசுத்தத்தைத் தவிர்ப்பதற்கான சலுகையே. வாயை என்றென்றைக்கும் துலக்காமல் விட்டுவிடுவதற்கு அது அனுமதியன்று. மிஸ்வாக் வாயைத் தூய்மையாக்குவது, இறைவனின் திருப்தியைப் பெற்றுத் தருவது என்று ஆயிஷா (ரலி) வழியாக வந்த நபிமொழியில் வாயின் தூய்மையே முதலில் இடம்பெறுகிறது. இரத்தம் கசிகிறதே என்று அஞ்சித் துலக்காமல் விட்டால் படலம் பெருகும். படலம் பெருகினால் இரத்தம் மேலும் கசியும். இந்தச் சுழலுக்குள் நான் என்னையறியாமல் நுழைந்திருந்தேன். ‘மென்மையாகத் துலக்குக’ என்ற முற்பகுதியில்தான் சுழலிலிருந்து வெளியேறும் வழி இருந்தது.

இங்கே ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். ஈற்றில் இரத்தம் வருவதற்கு வேறு காரணங்களும் உண்டு. இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் எளிதில் கசியும். அரிதாக இரத்த நோய்களும் இவ்வாறு வெளிப்படும். தானாகவே கசிந்து நிற்காத இரத்தத்திற்கும், பத்து நாட்கள் ஒழுங்காகத் துலக்கியும் குறையாத கசிவுக்கும் மருத்துவரை நாடுவதே முறை.

ஸஹ்ராவி காட்டிய வழி

காரையைப் பொறுத்தவரை மிஸ்வாக்கும் பிரஷும் ஒன்றே: இரண்டும் அதை அகற்றா. கல்லாக இறுகியதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தெளிவாக எழுதிவைத்தவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (936–1013). ஸ்பெயினில் குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்த அவருடைய ‘கிதாபுத் தஸ்ரீஃப்’ 30 பாகங்களைக் கொண்டது. இறுதிப் பாகம் அறுவை மருத்துவத்திற்கு உரியது. 12ஆம் நூற்றாண்டில் கிரெமோனாவைச் சேர்ந்த ஜெரார்டு அதை இலத்தீனில் பெயர்த்தபின் ஐரோப்பாவின் மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் அதைப் பயின்றனர்.

அப்பாகத்தில் பற்களைச் சுரண்டுவதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. பற்களின் வெளியிலும் உள்ளிலும் ஈறுகளின் இடையிலும் சொரசொரப்பான செதில்கள் படிந்து, கறுத்தோ மஞ்சளித்தோ பசுமையேறியோ போகும். அக்கேடு ஈற்றையும் பற்றிக்கொள்ளும் என்கிறார். நோயாளியின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு எதுவும் எஞ்சாதபடி சுரண்ட வேண்டும். ஒரே அமர்வில் முடியாவிடில் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடர வேண்டும் என்கிறார். பல்லின் உட்புறத்துக்கு ஒரு வடிவம், வெளிப்புறத்துக்கு ஒரு வடிவம், இடுக்குகளுக்கு வேறொரு வடிவம் என 14 சுரண்டிகளின் படங்களையும் வரைந்து காட்டியுள்ளார். ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் அண்டைப் பற்களோடு பிணைக்கும் முறையையும் அவர் விளக்கினார். வெள்ளி நாளடைவில் நிறம் மாறும், தங்கம் மாறாது என்ற காரணத்தையும் சேர்த்தே எழுதினார்.

ஸஹ்ராவியின் ஊரில் மிஸ்வாக் இல்லாமலில்லை. மிஸ்வாக் செய்யும் சமூகத்திலும் காரை படியும், அதை அகற்ற மருத்துவர் வேண்டும் என்பதை அவர் இயல்பாக ஏற்றுக்கொண்டார். சுன்னத்தைப் பேணுவதும் சிகிச்சை பெறுவதும் அவருக்கு முரணாகத் தோன்றவில்லை.

இன்றைய சிகிச்சை

இன்றைய மருத்துவரும் அடிப்படையில் ஸஹ்ராவி செய்ததையே செய்கிறார். அளவு பொறித்த மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் பையின் ஆழத்தை அளக்கிறார். எக்ஸ்ரே படத்தில் எலும்பின் மட்டத்தைக் காண்கிறார். பிறகு அதிர்வுக் கருவியாலும் கைச் சுரண்டிகளாலும் காரையை அகற்றுகிறார், இதுவே ஸ்கேலிங். பை ஆழமாயிருப்பின் மரத்துப்போகும் ஊசி போட்டு ஈற்றுக்குக் கீழே வேர்ப்பரப்பையும் தூய்மை செய்கிறார். சில வாரங்கள் கழித்து மீண்டும் அளந்து, பை சுருங்காத இடங்களில் மட்டும் ஈற்றை விலக்கிச் செய்யும் சிறு அறுவையைப் பரிந்துரைப்பார். நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள் குறிப்பிட்ட சிலருக்கே தேவைப்படும். காரையை அகற்றாமல் மாத்திரையை மட்டும் விழுங்குவதால் நோய் தீராது.

எலும்பு கரைந்த இடத்தில் நிரப்பும் பொருள் வைக்கப்படுமாயின், அது எதிலிருந்து பெறப்பட்டது என்று கேட்டறிவது நம் கடமை. மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் பெறப்பட்டவை சந்தையில் உள்ளன. செயற்கையாகத் தயாரிக்கப்பட்டவையும் உள்ளன. முன்கூட்டியே கேட்டால் மருத்துவரால் மாற்றுப் பொருளைத் தெரிவுசெய்ய இயலும்.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடிவிடும் என்ற அச்சம் படித்தவர்களிடமும் வேரூன்றியுள்ளது. நானும் அதனாலேயே ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டேன். எலும்பு கரைந்த இடத்தைக் காரை அடைத்துக்கொண்டு பல்லை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும். அதை எடுத்ததும் மறைந்திருந்த இடைவெளி வெளிப்படும். வீக்கம் வடிந்து ஈறு சுருங்குவதால் பல் நீண்டதுபோல் தோன்றும். சில நாட்கள் குளிர்ந்த நீர் கூசும். சுவரின் விரிசலை மறைத்த பூச்சை உரித்தவனையே விரிசலுக்குக் காரணம் என்று பழிப்பது போன்றது இந்த அச்சம்.

சிகிச்சை முடிந்ததும் நோய் முடிந்துவிடுவதில்லை. மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது அவசியம். நபி (ஸல்) அவர்கள் சிகிச்சை பெறுமாறு ஏவி, முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் மருந்துண்டு என்று கூறிய கருத்தை உஸாமா பின் ஷரீக் (ரலி) அறிவிக்கிறார்கள். வயதானால் பல் விழத்தானே செய்யும் என்று முதுமையின் கணக்கில் நாம் எழுதிவிடும் பற்களுள் பெரும்பாலானவை நோயின் கணக்கைச் சேர்ந்தவை. மருந்துள்ள நோய்க்கு முதுமை என்று பெயரிடலாகாது.

மிஸ்வாக் தருவதும் தராததும்

உகாய் வேரின் காரம் கடுகின் காரத்தைப் போன்றது. அதற்குக் காரணமான ‘பென்சைல் ஐசோதயோசயனேட்’ என்ற பொருள் ஈறு நோயோடு தொடர்புடைய சிலவகை நுண்ணுயிர்களை ஆய்வுக்கூடத்தில் அழிப்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்டனர். சூடானில் மிஸ்வாக் பயன்படுத்துவோரையும் பிரஷ் பயன்படுத்துவோரையும் ஒப்பிட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், மிஸ்வாக் பயன்படுத்துவோரின் ஈறுகள் மற்றவர்களுடையதை விடத் தாழ்ந்திருக்கவில்லை. மிஸ்வாக்கை ஊக்குவித்த உலக சுகாதார நிறுவனம் 1986இல் அதைப் பரிந்துரைத்தது. அதன் பயனை உறுதிசெய்ய மேலும் ஆய்வு தேவை என்று 2000ஆம் ஆண்டின் பன்னாட்டு அறிக்கையொன்று கூறியது. அழுத்தித் தேய்ப்போரின் ஈறு கீழிறங்கி வேர் வெளிப்படுவதையும் ஆய்வுகள் சுட்டியுள்ளன. இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் ‘ஸாதுல் மஆத்’ நூலில், அளவு மீறித் தேய்த்தால் பற்களின் பளபளப்புப் போய்விடும் என்றும், இன்னதென அறியாத மரத்தின் குச்சியை வாயில் வைக்கக் கூடாதென்றும் எச்சரித்திருப்பது இங்கே நினைவுகூரத் தக்கது.

எனவே இரண்டையும் இணைத்துக்கொள்வதே நன்று. காலையிலும் உறங்கும் முன்னும் ஃபுளோரைடு கலந்த பற்பசையுடன் மென்மையான பிரஷைக் கொண்டு இரண்டு நிமிடம் துலக்கலாம். பிரஷின் இழைகள் ஈறும் பல்லும் சந்திக்கும் கோட்டில் 45 பாகைச் சாய்வில் படிய, சிறு அசைவுகளாகத் துலக்க வேண்டும். முற்காலத்தில் பன்றி மயிரால் பிரஷ் செய்யப்பட்டதால் நம் முன்னோர் அதை ஒதுக்கினர். 1938இல் நைலான் இழை வந்தபின் அந்தத் தடை நீங்கிவிட்டது. உளூவின்போதும் தொழுகையின்போதும் மிஸ்வாக் செய்யலாம். குச்சியின் தோலை ஒரு விரற்கடை சீவி, நீரில் ஊறவைத்து, மென்று இழைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பயன்படுத்திய நுனியை அடிக்கடி வெட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஜேபியில் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த குச்சி ஈற்றைக் கிழிக்குமே தவிரத் துலக்காது.

பற்களின் இடுக்குகளை இவ்விரண்டும் எட்டா. உண்டபின் பற்களைக் கோதிவிடும் ‘கிலால்’ என்ற ஒழுக்கம் ஃபிக்ஹு நூல்களில் உண்டு. குண்டூசியாலும் தீக்குச்சியாலும் குத்துவது கிலால் ஆகாது. ஈற்றுக்கு அது தீங்கே. மெழுகு நூலோ இடுக்குகளுக்கான சிறு பிரஷோ அவ்வேலையைச் செவ்வனே செய்யும். ஈறு நோயுள்ளவருக்கு நாள்தோறும் ஒருமுறை இது இன்றியமையாதது. வெதுவெதுப்பான உப்புநீர் கொப்பளிப்பது வீக்கத்துக்கு இதமளிக்கும்; அதனால் காரை கரையாது. கரித்தூளும் செங்கல் தூளும் பல்லைத் தேய்த்துவிடும். புகையிலை கலந்த பற்பொடி வாய்ப் புற்றுநோய்க்கே வழி திறக்கும்.

ரமளானில் நம்மில் பலர் பகல் முழுதும் வாயைத் துலக்காமல் இருந்துவிடுகின்றனர். சூரியன் உச்சி சாய்ந்தபின் நோன்பாளி மிஸ்வாக் செய்வது மக்ரூஹ் என்பது ஷாஃபியீ மத்ஹபின் பிரபலமான கருத்து. அம்மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி (ரஹ்) அவர்களோ, ‘அல்மஜ்மூஉ’ நூலில் அது மக்ரூஹ் ஆகாது என்ற கருத்தையே தேர்ந்தெடுத்துள்ளார்கள். ஹனஃபி மத்ஹபில் நாள் முழுதும் அனுமதி உண்டு. எக்கருத்தைப் பின்பற்றினாலும் உச்சிக்கு முன்னும், இஃப்தாருக்குப் பின்னும், ஸஹரை முடித்ததும் துலக்குவதற்கு எவருக்கும் தடையில்லை. இரவில் பேரீச்சையும் இனிப்பும் உண்டு, ஸஹருக்குப் பின் துலக்காமல் உறங்கிவிடும் வழக்கமே அம்மாதத்தில் ஈறுகளுக்கு மிகுந்த கேடு செய்வது.

இரு பற்களை இழந்தபின் எஞ்சியவற்றைக் காத்துவருகிறேன். முதல் பத்து நாட்கள் மென்மையாகத் துலக்கியபோது இரத்தம் வந்தது, வாயைக் கழுவிக்கொண்டேன். ஸ்கேலிங் முடிந்த மூன்றாம் வாரத்தில் கசிவு நின்றது. இப்போதும் ஆண்டுதோறும் அதே பாடம் வருகிறது. யாரேனும் ஒரு மாணவர் அதே கேள்வியைக் கேட்கிறார். நூலிலுள்ள விடையைச் சொல்லிவிட்டு, “இரத்தம் வருகிறதென்றால் சட்டத்தை என்னிடம் கேளுங்கள், வாயை மருத்துவரிடம் காட்டுங்கள், துலக்குவதை மட்டும் நிறுத்தாதீர்கள்” என்று சேர்த்துக்கொள்கிறேன். பற்கள் அறவே இல்லாதவருக்கும் மிஸ்வாக் வலியுறுத்தப்பட்ட சுன்னத்தே என்று அதே பாடத்தில் ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் குறிப்பிடுகிறார்கள். அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம், பற்கள் இருக்கும்போதே அதை முழுமையாகச் செய்பவர்களாக இம்மாணவர்கள் விளங்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்.